தரங்கம்பாடியில் ஒரு பழைய பங்களா: சுண்ணாம்புச் சுவர்களுக்குள் சில நாட்கள்

வெள்ளிக்கிழமை, இரவு

மயிலாடுதுறையில் ரயிலை விட்டு இறங்கி, பேருந்து நிலையம் போய், தரங்கம்பாடி பஸ்ஸைப் பிடித்து வந்து சேர மதியம் ஆகிவிட்டது. கூட அம்மாவும் வந்திருக்கிறார். ஒரு காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் மீட்டர் கேஜ் ரயிலே ஓடிக்கொண்டிருந்தது, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அம்மாவுக்கு அந்த ரயிலில் போன ஞாபகம் நன்றாக இருக்கிறது. செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று பஸ் தாண்டுகிற ஊர் ஒவ்வொன்றிலும் ஸ்டேஷன் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி கிழக்கே நடந்தால் ஊரின் நுழைவாயில். வெள்ளை பூசிய உயரமான வளைவு, 1790களில் டேனிஷ்காரர்கள் கட்டியது, உச்சியில் டென்மார்க் அரச முத்திரை. அதைத் தாண்டியதும் கிங் தெரு, நேராகக் கடலில் போய் முடிகிறது. தெருவில் ஆள் நடமாட்டமே குறைவு. இரண்டு பக்கமும் தேவாலயங்கள், மஞ்சளும் வெள்ளையுமாகப் பழைய வீடுகள், நடுவில் கூரை விழுந்து மரம் முளைத்துக் கிடக்கிற வீடுகளும் இருக்கின்றன. நாங்கள் தங்கியிருக்கிற விடுதியும் முன்பு அப்படிக் கிடந்த பங்களாதான் என்று வரவேற்பில் இருந்த தம்பி சொன்னார். சுவர் மட்டும் நின்றதாம், மாடித் தளத்தில் பாதி உள்ளே இறங்கியிருந்ததாம். அதை எடுத்து, பழைய முறையிலேயே சரிசெய்து, சில அறைகள் மட்டும் உள்ள சின்ன விடுதியாக நடத்துகிறார்கள்.

சரி, அறைக்கு வருகிறேன். இந்த மாதிரி இடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் நாலு கால் கட்டிலையும் ஈசிசேரையும் பித்தளைக் குழாயையும் படம் பிடித்துப் போடுகிறார்கள். அதெல்லாம் எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். என்னைக் கேட்டால், பாரம்பரிய விடுதிக்குள் போனதும் முதலில் அண்ணாந்து பாருங்கள். இங்கே கூரை மெட்ராஸ் ஒட்டு. வரிசையாகத் தேக்கு உத்திரக்கட்டைகள், அவற்றுக்கு மேல் மெல்லிய சின்னச் செங்கற்களை நெட்டுக்குத்தாக, சாய்வாக, சுண்ணாம்புக் கலவையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். இதைக் கட்டும்போது கீழே முட்டுக் கொடுத்துப் பலகை அடிக்க வேண்டியதில்லை. ஒரு கல் பக்கத்துக் கல்லைப் பிடித்துக்கொள்ளும், கொத்தனார் ஓரத்திலிருந்து ஆரம்பித்து அப்படியே ஒட்டிக்கொண்டே வருவார். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு பதிப்பார்கள். கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. இங்கே கூரையின் அடிப்பக்கத்தைப் பூசி மறைக்காமல் விட்டிருப்பதால் படுத்துக்கொண்டே ஒவ்வொரு கல்லையும் பார்க்க முடிகிறது. விழுந்துபோன பகுதியைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், அந்த இடத்தில் கல்லின் சிவப்பு கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது. பழசு எதுவரைக்கும், புதுசு எங்கிருந்து என்று கண்ணால் சொல்லிவிடலாம். அதை வர்ணம் அடித்து ஒன்றாக்காமல் விட்டதே எனக்கு இந்த அறையில் ரொம்பப் பிடித்தது.

சுவரின் தடிமனை ஜன்னலில் உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளலாம். முதுகைச் சாய்த்துக் கால் மடக்கி உட்கார்கிற அளவுக்கு ஜன்னல் திண்டு அகலமாக இருக்கிறது. வெளியே பிற்பகல் வெயில் கொளுத்துகிறது, அறைக்குள் மின்விசிறியே போதும். ஏசி வைத்திருக்கிறார்கள், நாங்கள் போடவில்லை.

மாடிப்படி செங்குத்து. ஒவ்வொரு படியும் உயரம், கைப்பிடி ஒரு பக்கம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் கீழ்த்தளத்தில் அறை கொடுத்தார்கள். இந்த மாதிரிக் கட்டடங்களில் லிஃப்ட் எதிர்பார்க்க முடியாது, லிஃப்ட் வைக்க வேண்டுமென்றால் தளத்தை உடைக்க வேண்டும். குளியலறை முழுக்கப் புதுசு, கண்ணாடித் தடுப்போடு அறையின் ஒரு மூலையில் தனியாக நிற்கிறது. நாளைக்கே பெயர்த்து எடுத்தாலும் பழைய சுவருக்கு ஒன்றும் ஆகாது. சரியான முடிவு.

சனிக்கிழமை

விடிவதற்கு முன்னாலேயே எழுந்து கடற்கரைக்குப் போனோம். டேன்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, டென்மார்க்கின் கடற்படைத் தளபதி ஓவே கெட்டே கட்ட ஆரம்பித்தது. அப்போது டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன். மிளகும் துணியும் வாங்கத்தான் அவ்வளவு தூரத்திலிருந்து வந்தார்கள். உள்ளே இருக்கிற அருங்காட்சியகம் சின்னது, ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கோட்டைக்கு எதிரே, திடலைத் தாண்டி, 1784-ல் கட்டிய கவர்னர் பங்களா. பெரிய தூண்கள் வைத்த அந்தக் கட்டடமும் இடியும் நிலைக்குப் போய்ப் பிறகு சீரமைக்கப்பட்டது, டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் அதில் கை கொடுத்தது.

வரலாறு தெரிந்தால்தான் இந்த ஊர்க் கட்டடங்கள் எப்படித் தப்பின என்று புரியும். 1845-ல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த செராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயர்களுக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். அப்புறம் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது, வியாபாரமும் அங்கே போய்விட்டது. தரங்கம்பாடியில் பணம் புழங்கவில்லை. பணம் புழங்குகிற ஊரில் பழைய பங்களாவை இடித்துக் கடை கட்டியிருப்பார்கள், இங்கே இடிக்கக்கூட யாருக்கும் அவசியம் வரவில்லை. அதனால் கட்டடங்கள் நின்றன, பார்க்க ஆள் இல்லாததால் மெதுவாக உதிர்ந்தன. இரண்டுமே ஒரே காரணத்தால்.

கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிஞ்சியதைக் காப்பாற்றப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள், கரையில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த ஊரில் நூற்றுக்கணக்கானவர்கள் போனார்கள், பெரும்பாலும் மீனவக் குடும்பங்கள். அம்மா அந்தக் கல் மேட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். நானும் பேசவில்லை.

இங்கே யாரைக் கேட்டாலும் இந்தக் கடற்கரையில் ஓசோன் அதிகம், மூச்சுக்கு நல்லது என்கிறார்கள். கடல் ஓரத்தில் நாம் உணர்கிற அந்த வாசனை ஓசோன் இல்லை. கடல் நுண்ணுயிர்களிடமிருந்து வருகிற டைமெத்தில் சல்ஃபைடு என்கிற வாயுவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஓசோனை நிறைய சுவாசித்தால் நுரையீரலுக்குக் கெடுதல். காற்று சுத்தமாக இருக்கிறது, அதுவே போதும், அதற்காகவே வரலாம்.

திரும்பி வரும்போது விடுதிக்கு அடுத்த தெருவில் ஒரு வீட்டில் சுண்ணாம்பு வேலை நடந்துகொண்டிருந்தது. நின்று பார்த்தேன். அறுபது வயதைத் தாண்டிய ஒரு மேஸ்திரியும் இரண்டு சித்தாள்களும். பழைய சிமென்ட் பூச்சை உளியால் செதுக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே செங்கல் பொரிபொரியாக உதிர்ந்திருந்தது, விரலால் தொட்டால் சிவப்பு மாவாகக் கொட்டியது.

“ஏன் ஐயா, கல்லு இவ்ளோ மோசமா இருக்கு?” என்று கேட்டேன்.

“கல்லு நல்ல கல்லுதான் பாப்பா. நடுவுல யாரோ சிமென்ட் பூசிட்டாங்க. பார்க்கக் கொஞ்ச வருஷம் நல்லாத்தான் இருக்கும். உள்ள இருக்கற ஓதம் வெளிய வர வழியில்ல. அது கல்லையே தின்னுடும்” என்றார்.

இதற்குப் பின்னால் இருக்கிற காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பழைய வீடு வைத்திருக்கிற எல்லோருக்கும் பயன்படும். ஓதம் என்று அவர் சொன்னது சுவரில் ஏறுகிற ஈரத்தை. அந்தக் காலத்துச் சுவரில் அதைத் தடுக்கிற அடுக்கு கிடையாது. மண்ணிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டேதான் இருக்கும், கடலோரத்தில் அந்தத் தண்ணீரோடு உப்பும் ஏறும். சுண்ணாம்புக் காரை பூசியிருந்தால் ஈரம் அதன் வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும், உப்பு காரையின் மேல் பூக்கும். சில வருடங்களில் காரை கெடும், அதைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசிவிடலாம், உள்ளே கல் பத்திரமாக இருக்கும். சிமென்ட் பூச்சு அடர்த்தியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. அதனால் உப்பு பூச்சுக்குப் பின்னால், செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி, அதன் துளைகளை உள்ளிருந்து உடைக்கும். ஈரமும் வெளியேற இடம் தேடி இன்னும் மேலே ஏறும். அப்புறம் ஒரு நாள் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது கல்லையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு வரும். வலுவான பொருள் என்று நம்பிச் செய்கிற வேலை, மென்மையான சுவரை அழித்துவிடுகிறது.

மேஸ்திரி கலவையைக் காட்டினார். கிளிஞ்சல் சுண்ணாம்பு. சூளையில் சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் விட்டு நீற்றி, சலித்து, தொட்டியில் ஊறவிட்டிருந்தார்கள். நான் பார்த்தபோது வெண்ணெய் பதத்தில் இருந்தது, கரண்டியில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு இறங்கியது. பக்கத்து டிரம்மில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய பழுப்புத் தண்ணீர், மூடியைத் திறந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது. அதை ஊற்றித்தான் மணலும் சுண்ணாம்பும் குழைக்கிறார்கள். பூசிய பிறகு சுவரை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவசரமாகக் காய்ந்தால் வெடித்துவிடும். சுண்ணாம்பு இறுகுவது காற்றில் இருக்கிற கரியமில வாயுவை உள்ளே இழுத்துத்தான், சூளையில் இழந்த வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அது மெதுவாக நடக்கிற காரியம், ஒரு பூச்சு முழுதாக இறுக மாதக்கணக்கில் ஆகும்.

“இந்த வேலைக்குப் பசங்க வர்றாங்களா ஐயா?”

“எங்கம்மா. காலைல பூசி சாயங்காலம் கூலி வாங்கிட்டுப் போறவனுக்கு இது சரிப்படுமா? நான் எங்க மாமாகிட்ட கத்துக்கிட்டேன். எம்பையன் திருப்பூர்ல இருக்கான்.” சொல்லிவிட்டு பூச்சைச் சமப்படுத்துகிற மணியாசுக் கட்டையை எடுத்துச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். அம்மா அவரிடம், பழைய வீடுகளில் முகம் தெரிகிற மாதிரி வழவழப்பாகப் பூசுவார்களே, அதெல்லாம் இன்னும் செய்கிறீர்களா என்று கேட்டார். செய்யலாம் அக்கா, கேட்க ஆள் வேண்டுமே என்றார். கூழாங்கல்லை வைத்து நாள் முழுக்க மெருகு போட வேண்டியிருக்கும், அந்தக் கூலியைக் கொடுக்கிறவர்கள் இந்த மாதிரி விடுதிக்காரர்கள்தான் என்றும் சொன்னார்.

இதைக் கேட்ட பிறகு விடுதி வாடகை பற்றி என் எண்ணம் கொஞ்சம் தெளிவானது. சாதாரண லாட்ஜைவிடப் பல மடங்கு வாங்குகிறார்கள், எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, அது உண்மை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பகுதி வருடா வருடம் சுவருக்கும் கூரைக்கும் போகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. போகிறது என்றால் மனமார வாழ்த்துவேன். கொத்தனாருக்குப் போகாமல் விளம்பரத்துக்கும் திரைச்சீலைக்கும் மட்டும் போகிறது என்றால் அந்தக் கட்டடம் இன்னொரு முறை இடியும்.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் மணி அடித்து எழுப்பியது புது எருசலேம் ஆலயம். முகப்பில் கிரீடமும் அரசரின் முத்திரை எழுத்தும் 1718 என்ற ஆண்டும் இருக்கின்றன. டென்மார்க் மன்னர் அனுப்பிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு கட்டியது. 1706-ல் இருபத்து நான்கு வயதை எட்டப்போகிற நேரத்தில் இந்தக் கரையில் வந்து இறங்கினார், திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தார், இங்கிருந்த டேனிஷ் அதிகாரியே அவரைக் கோட்டையில் நான்கு மாதம் சிறை வைத்தார். ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துகள் இங்கே வந்து, அவை அளவில் பெரியதாகக் காகிதத்தை விழுங்கியதால், ஊரிலேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்காகப் பொறையாரில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். 1719-ல் முப்பத்தாறு வயதில் இறந்தார், இந்த ஆலயத்துக்குள்ளேயே கல்லறை. தமிழில் அச்சடித்ததைப் படித்து வளர்ந்த யாரும் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒரு நிமிடமாவது நின்றுவிட்டுத்தான் வர வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆராதனை நேரம் என்பதால் நாங்கள் வெளியில் காத்திருந்து, முடிந்ததும் உள்ளே போனோம். எதிர்ப்பக்கம் 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம். வெளியிலிருந்து மட்டும் பார்த்தோம், அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை.

மாலையில் பொற்கொல்லர் தெரு. தரங்கம்பாடி என்றால் எல்லோரும் டேனிஷ் பங்களாக்களைப் பற்றியே பேசுகிறார்கள், இந்தத் தெருவைப் பார்க்காமல் போய்விடாதீர்கள். சின்னச் சின்னத் தமிழ் வீடுகள், முன்னால் திண்ணை, மரத்தூண், ஓட்டுச் சாய்ப்பு, உள்ளே முற்றம். சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கிற இன்டாக் அமைப்பு இங்கே பல வீடுகளைச் சீரமைத்தது, டென்மார்க்கிலிருந்து ஓர் அறக்கட்டளை பணம் கொடுத்தது. பங்களாவைக் காப்பாற்ற விடுதிக்காரர்கள் வருவார்கள், ஏனென்றால் அதில் வருமானம் இருக்கிறது. இரண்டு அறையும் ஒரு முற்றமும் உள்ள வீட்டைக் காப்பாற்ற யார் வருவார்கள்? அதனால்தான் இந்த வேலையைப் பெரிதாக மதிக்கிறேன். ஒரு திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன், தூணின் அடியில் கருங்கல் வைத்து மரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள், கறையான் ஏறாமல் இருக்கவும் மழைத் தண்ணீர் படாமல் இருக்கவும் அந்த ஒரு முழம் கல் போதும்.

இப்போது எங்கள் விடுதியைப் பற்றி ஒரு குறை. இரவு சாப்பிட்டுவிட்டுப் பின்பக்கம் நடந்தபோது, சமையலறைச் சுவரின் வெளிப்புறத்தில் இடுப்பளவு உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் பூச்சு. தட்டிப் பார்த்தேன், டொக் டொக் என்று சத்தம், உள்ளே பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது. சிமென்ட்டேதான். அதற்கு மேல் சுண்ணாம்புப் பூச்சில் புதிதாக ஓதம் ஏறிய கறை, வெள்ளை வெள்ளையாக உப்பு. முகப்பிலும் அறைகளிலும் அவ்வளவு பொறுப்பாக வேலை செய்தவர்கள், விருந்தாளி வராத பக்கம்தானே என்று இதைச் செய்துவிட்டார்கள். எனக்கு நிஜமாகவே வருத்தமாகிவிட்டது. ஓதத்துக்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது, இன்னும் சில மழைக்காலம் போனால் அதே ஈரம் அறைச் சுவருக்கும் வரும்.

திங்கட்கிழமை

காலையில் மேலாளரைப் பார்த்துச் சொன்னேன். கோபப்படுவாரோ என்று நினைத்தேன், கூடவே வந்து பார்த்தார். மழைத் தண்ணீர் சமையலறைக்குள் வருகிறது என்று அவசரத்துக்கு வெளி ஆளை வைத்துப் பூசியதாம். அதைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசுங்கள், கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் ஒரு வாய்க்கால் போடுங்கள் என்றேன். அடுத்த தெருவில் வேலை செய்கிற மேஸ்திரியைப் பற்றியும் சொன்னேன். அவரைத் தெரியுமாம், இந்தக் கட்டடத்தின் மாடித் தளமே அவர் கை வைத்ததுதான் என்றார்! இதை முதல் நாளே சொல்லியிருந்தால் அவரிடம் இன்னும் எவ்வளவோ கேட்டிருப்பேன். தளத்தில் வேலை செய்தவர்களின் பெயர்களை வரவேற்பறையில் ஒரு பலகையில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டேன், டேனிஷ் கவர்னர்களின் பெயர்ப் பட்டியல் சுவரில் தொங்குகிற அளவுக்கு இதுவும் அங்கே இருக்கத் தகுந்தது. யோசிக்கிறோம் என்றார்.

கிளம்புவதற்கு முன் மேஸ்திரியைத் தேடிப் போனோம். சனிக்கிழமை பூசிய சுவரில் ஈரச் சாக்கு கட்டியிருந்தார்கள். நீங்கள் கட்டிய கூரைக்குக் கீழேதான் தூங்கினோம் என்று அம்மா சொன்னதும், “ஒழுகலயே?” என்றுதான் முதலில் கேட்டார்.

எப்போது வரலாம், எங்கே தங்கலாம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். மழைக்காலம் முடிந்து, ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள். பெரியவர்களை அழைத்து வந்தால் கீழ்த்தள அறையை முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்குள் கடைகள் குறைவு, மருந்து மாத்திரை எது வேண்டுமானாலும் பொறையார் போக வேண்டும், பக்கம்தான். இங்கே கட்டுப்படியாகாது என்றால் காரைக்காலிலோ மயிலாடுதுறையிலோ தங்கிக்கொண்டு பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம், கோட்டையும் தெருக்களும் ஆலயங்களும் நடந்தே பார்த்துவிடுகிற தூரத்தில்தான் இருக்கின்றன. எந்தப் பாரம்பரிய விடுதியில் தங்கினாலும் கட்டடத்தைச் சரிசெய்தது யார், சுவருக்கு என்ன பூசினார்கள், கூரையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று வரவேற்பில் கேளுங்கள். பதில் தெரிந்தவர்கள் உட்காரவைத்து ஆசையாகச் சொல்வார்கள்.